அறுந்த முட்டி ஜவ்வுக்குப் பதிலா எந்த நாரை எடுத்து வைக்கிறது?

மன்னார்குடி சித்தி: அண்ணே, தம்பியோட எம்ஆர்ஐ ரிப்போர்ட் மேல போட்டிருக்கேன். முட்டி ஜவ்வு, ஏசிஎல், முழுசா அறுந்திருக்காம். ஒரு டாக்டர் தொடைக்குப் பின்னாடி நரம்பு எடுத்து வைக்கலாங்கிறார், இன்னொருத்தர் முட்டிக்கு முன்னாடிங்கிறார். நரம்பை எடுத்தா கால் என்னத்துக்கு ஆகும்?

தஞ்சாவூர் மாமா (எலும்பு டாக்டர்): நரம்பு இல்லம்மா, டெண்டன். தசையை எலும்போட கட்டியிருக்கிற நார். எடுத்தா கால் விளங்காமப் போகாது. ஆனா எடுத்த இடத்துல கொஞ்சம் பலம் குறையும். 19 வயசுக் கபடிப் பையனுக்கு எங்க குறைஞ்சா தாங்கும்னுதான் பாக்கணும்.

தம்பி: எது ஸ்ட்ராங் மாமா?

தஞ்சாவூர் மாமா: ஒவ்வொண்ணாச் சொல்றேன். முதல்ல பின்தொடை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங். முட்டிக்குக் கீழ உள்பக்கம் சின்னக் கீறல், ரெண்டு நாரை உருவி, வைக்கோல் புரி மாதிரி நாலு இழையாச் சேத்துத் தைப்போம். தடிமன் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒல்லிப் பசங்களுக்குச் சில சமயம் 7தான் வரும். 20 வயசுக்குள்ள, 8க்குக் கீழ வச்சா மறுபடி அறுபடுறது அதிகம். "8 வரலன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு முன்னாடியே கேட்டுடுங்க. இழையைக் கூட்டி அஞ்சு, ஆறாக்கலாம்.

முட்டிக்கு முன்னாடின்னா, முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்கிற டெண்டன்ல நடு 10 மி.மீ. ரெண்டு முனையிலயும் 2 செ.மீ.க்குக் குறையாம எலும்புத் துண்டோட வரும். எலும்பு எலும்போட 6, 8 வாரத்துல ஒட்டிடும். வெறும் நார் எலும்புத் துளைக்குள்ள ஒட்ட 8லேர்ந்து 12 வாரம். விளையாட்டுப் பசங்களுக்கு ரொம்ப நாளா இதுதான் முதல் தேர்வு.

மாமா மக (பிசியோ): ஆனா முட்டி போட்டா வலிக்கும் அத்தை. வேளாங்கண்ணியில மணல்ல முட்டி போட்டுப் போறவங்களை நெனைச்சுப் பாருங்க, அந்த அழுத்தம் அப்படியே கீறின இடத்துல விழும். கபடியில புடிச்சு இழுத்தா முட்டிதான முதல்ல தரையில அடிக்குது. அதனால சில்லுக்கு மேல இருக்கிற குவாட்ரிசெப்ஸ், அதாவது முன்தொடை டெண்டனையும் யோசிங்கப்பா. தடிப்பான நார், முட்டி போடுறதுலயும் தொந்தரவு குறைவு. என்ன, முன்தொடைத் தசை ஆபரேஷனுக்கப்புறம் அப்படியே படுத்துடும். எழுப்புறது பெரும்பாடு.

தஞ்சாவூர் மாமா: சரிதான்.

மன்னார்குடி சித்தி: கணுக்கால்லேர்ந்தும் எடுக்கிறாங்களாமே?

தஞ்சாவூர் மாமா: பெரோனியஸ் லாங்கஸ்ங்கிற தசையோட நார். வெளிக்கணுவுக்கு மேல, பின்பக்கம் கீறல். ரெண்டா மடிச்சாலே பெரும்பாலும் 8 வந்துடும், முட்டியில கை வைக்க வேண்டாம். அறுத்த கீழ்முனையைப் பக்கத்து நாரோட தைச்சு விடணும். பல பேருக்கு நடக்கிறதுல வித்தியாசமே தெரியாது. இருந்தாலும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி ஊன்றது அந்தத் தசைதான். சேத்து வரப்புல நடக்கிறவனுக்கும் ரெய்டு போறவனுக்கும் அதை நான் முதல்ல எடுக்க மாட்டேன்.

இறந்தவங்க தானம் கொடுத்த டெண்டன் இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம், அறுபடுறது ரொம்ப அதிகம்.

மாமா மக (பிசியோ): அப்பா, வெளிப்பக்கக் கட்டு?

தஞ்சாவூர் மாமா: ஆமா, முக்கியம். ஹாம்ஸ்ட்ரிங்தான்னு முடிவானா, முட்டியோட வெளிப்பக்கத்துல ஒரு பட்டையையும் சேத்துக் கட்டச் சொல்லுங்க. 25 வயசு வரைக்கும் உள்ளவங்கள வச்சு 2020ல வந்த ஆய்வுல, ரெண்டு வருஷத்துல வச்ச நார் அறுபடுறது 11 சதவீதத்துலேர்ந்து 4 ஆக் குறைஞ்சுது.

இன்னொண்ணு. தொடை எலும்புல துளை போடுற இடம் தப்பிப் போனா எந்த நாரும் நிக்காது. அதனால அந்த டாக்டருக்கு எது கைப்பழக்கமோ அதுக்குப் பாதி மார்க் கொடுங்க. எல்லாத்துலயும் பழக்கம்னா, இவனுக்கு நான் குவாட்ரிசெப்ஸ் சொல்வேன். ரிப்போர்ட்ல மெனிஸ்கஸும், அதாவது முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் கிழிஞ்சிருக்கு. அதைத் தைச்சா சில வாரம் கால் ஊன்றதுலயும் மடக்குறதுலயும் கட்டுப்பாடு இருக்கும், அதையும் கேளுங்க.

தம்பி: பொங்கல் மேட்சுக்கு வந்துடலாமா?

மாமா மக (பிசியோ): வேண்டாம்டா. குறைஞ்சது 9 மாசம். வச்ச நார் முதல் ரெண்டு மூணு மாசத்துல பலம் இழந்து, அப்புறம்தான் ஜவ்வா மாறத் தொடங்கும். வலி போயிடுச்சுன்னு அப்ப ஓடினா அறுபட்டுடலாம். முன்தொடை பலம் நல்ல கால்ல 90 சதவீதமாவது வரணும்.

அத்தை, வீக்கம் வடிஞ்சு கால் முழுசா நீள்றதுக்கு முன்னாடி ஆபரேஷன் தேதி வாங்காதீங்க. மடங்குன காலோட போனா பின்னாடி விறைச்சுக்கும். இன்னைக்கே முட்டிக்கு அடியில இருக்கிற தலகாணியை எடுத்துடுங்க. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழ வச்சு, முட்டி தானா கீழ இறங்கட்டும். 10 நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. கூடவே முன்தொடையை இறுக்கி அஞ்சு எண்ணி விடச் சொல்லுங்க.

மன்னார்குடி சித்தி: தலகாணியை எடுத்துட்டேன். முட்டிக்கும் பாய்க்கும் நடுவுல மூணு விரல் போகுது.

மாமா மக (பிசியோ): நல்ல காலையும் அதே மாதிரி வச்சு அளந்து சொல்லுங்க அத்தை.