விம்பிள்டன் ஜூனியர்: நம்ம பசங்க ஆட்டத்தைப் பார்க்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ஜூலையில் விம்பிள்டன் டென்னிஸ் நடக்கும்போது லண்டனில் அக்கா வீட்டில் இருப்பேன். பெரிய ஆட்டங்கள் நடக்கும் சென்டர் கோர்ட்டுக்கு டிக்கெட் எனக்கு வேண்டாம், கிடைக்கவும் போவதில்லை. இந்தியாவிலிருந்து வரும் ஜூனியர் பசங்களைத்தான் பார்க்கணும். 1954-ல் ராமநாதன் கிருஷ்ணன், 1979-ல் அவர் மகன் ரமேஷ், 1990-ல் லியாண்டர் பயஸ் என்று ஜூனியர் ஒற்றையர் பட்டம் மூன்று முறை நமக்கு வந்த இடம். 2015-ல் சுமித் நாகல் வியட்நாம் பையனோடு சேர்ந்து ஜூனியர் இரட்டையர் பட்டம் வாங்கினார். அதற்கப்புறம் காத்துக்கிட்டே இருக்கோம்.

சிக்கல் என்னன்னா, நம்ம பசங்க பெரும்பாலும் ஹார்ட் கோர்ட்டில் (கெட்டியான செயற்கைத் தரை) வளர்ந்தவங்க. விம்பிள்டன் புல்தரை; புல்லில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கிட்டு வரும். பழகுவதற்குள் முதல் சுற்றே முடிஞ்சிடும். தாமதமா போனா ஊர் திரும்பிய பிள்ளைகளைத்தான் தேடணும்!

போனவங்க இருந்தா சொல்லுங்க:

கிரவுண்ட் பாஸுக்கு (வெளிக் கோர்ட்டுகளைப் பார்க்கும் நுழைவுச் சீட்டு) வரிசையில் எத்தனை மணிக்கு நின்றால் முதல் ஆட்டத்தைப் பிடிக்கலாம்? ஜூனியர் ஆட்டங்கள் வெளிக் கோர்ட்டுகளில் நடக்கும்போது உட்கார இடம் கிடைக்குமா, நின்னுதான் பார்க்கணுமா? அக்காவுக்கு முட்டிவலி, அதான் கேட்கிறேன்.

விம்பிள்டன் ஜூனியருக்கு முந்தைய வாரம் லண்டனிலேயே ரோஹாம்டனில் நடக்கும் ஜூனியர் புல்தரைப் போட்டிக்குப் பார்வையாளர்களை உள்ளே விடுவாங்களா? விம்பிள்டனில் மறுநாள் ஆட்ட அட்டவணை இரவு எத்தனை மணிக்கு வரும்?

இந்த வருஷம் தகுதிபெறும் வாய்ப்புள்ள பசங்க யார் யார்னு தெரிந்தாலும் போடுங்க.