18 வயதில் நேராக என்எச்எல்: ஸ்லாஃப்கோவ்ஸ்கி விஷயத்தில் மாண்ட்ரியால் செய்தது சரியா?

நீலக்கோடு:
2022 ஜூலையில் என்எச்எல் (வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்ட், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, மாண்ட்ரியாலிலேயே நடந்தது. முதல் வாய்ப்பு மாண்ட்ரியாலின் கனேடியன்ஸ் அணிக்கு. ஷேன் ரைட்டைத்தான் எடுப்பார்கள் என்று வெகு நாளாகப் பேச்சு. எடுத்ததோ ஸ்லோவாக்கியாவின் யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை. ரைட் நாலாவது இடத்துக்கு இறங்கி சியாட்டிலுக்குப் போனார். யாரை எடுத்தது சரி என்ற பழைய சண்டையைக் கிளப்ப நான் வரவில்லை. எடுத்த பிறகு அந்தப் பையனை எப்படி வளர்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

18 வயதில் நேராக என்எச்எல்லில் இறக்கினார்கள். 39 ஆட்டம், 4 கோல், 6 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்). ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம்தான் பனித்தரையில் இருந்தார். ஜனவரியில் முழங்காலில் அடி, அதோடு சீசன் முடிந்தது. பக்கத்திலேயே லவாலில் அவர்களுடைய ஏஎச்எல் (என்எச்எல்லுக்கு அடுத்த நிலை லீக்) அணி இருக்கிறது. கனடிய ஜூனியர் லீக்கில் இருந்து எடுக்கப்பட்ட பையன் என்றால் அந்த வயதில் ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது. ஒன்று என்எச்எல், இல்லையென்றால் பழைய ஜூனியர் அணி. ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஃபின்லாந்தில் ஆடி வந்தவர், அந்தத் தடை அவருக்குக் கிடையாது. கதவு திறந்திருந்தும் ஏன் அனுப்பவில்லை?

மூன்றாம்வரிசை:
அனுப்பத் தேவையில்லை என்பதால்தான். ஏதோ பள்ளிக்கூடப் பையனைப் பிடித்து வந்து நிறுத்தியது போலப் பேசுகிறீர்கள். டிராஃப்டுக்கு முன்பே டிபிஎஸ் அணிக்காக ஃபின்லாந்தின் மேல்மட்ட லீக்கில் பெரியவர்களோடு ஆடியவர். 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 7 கோல், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம்.

அடுத்த சீசனைப் பாருங்கள்: 82 ஆட்டம், 20 கோல், கோலும் அசிஸ்டும் சேர்த்து 50 புள்ளி. சக ஆட்டக்காரர்கள் நிக் சுஸுகி, கோல் காஃபீல்ட் இருவரோடும் முதல் வரிசையில் ஆடினார். 2024 ஜூலையில் 8 வருடத்துக்கு 6.08 கோடி டாலர் ஒப்பந்தம். இதில் எங்கே கெட்டுப்போனார்?

நீலக்கோடு:
ஆற்றில் இறங்கியவன் கரையேறிவிட்டான் என்பதற்காக ஆழம் இல்லை என்று ஆகிவிடாது. நான் முடிவைக் கேட்கிறேன், நீங்கள் விளைவைச் சொல்கிறீர்கள்.

பெய்ஜிங்குக்கு என்எச்எல் ஆட்டக்காரர்கள் யாரும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே வருடம் ஃபின்லாந்து லீக்கில் அவர் ஆடியது 31 ஆட்டம், எடுத்தது 10 புள்ளி. என்எச்எல்லுக்குத் தயார் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை.

பொறுமைக்கு உதாரணம் வேண்டுமா? கேல் மக்கார். 2017-ல் கொலராடோ நாலாவதாக எடுத்தது. அவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்தார், 2019-ல் ஹோபி பேக்கர் விருது (கல்லூரி ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்கு) வாங்கினார், அப்புறம்தான் வந்தார், அதுவும் நேராக பிளேஆஃபில். முதல் ஆட்டத்திலேயே கோல். 2022-ல் நாரிஸ் (சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர்), கான் ஸ்மைத் (பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர்) இரண்டு விருதும் அவருக்கே. ஓவன் பவர் 2021-ன் முதல் தேர்வு. அவரும் மிச்சிகனுக்குத் திரும்பிப் போய் ஒரு வருடம் ஆடிவிட்டுத்தான் பஃபலோவுக்கு வந்தார். யாருக்கு என்ன நஷ்டம்?

மூன்றாம்வரிசை:
இரண்டு பேரும் டிஃபென்ஸ்! பின்வரிசையில் ஒரு தப்பு செய்தால் நேராக நம் வலையில் கோல். அதனால் அந்த இடத்துக்கு எல்லோருமே நிதானமாகத்தான் கொண்டுவருவார்கள். முன்வரிசைக்காரர்களைப் பேசுவோம். ஜாக் ஹியூஸ் 18 வயதில் நியூஜெர்சிக்கு ஆடி 61 ஆட்டத்தில் 21 புள்ளி எடுத்தார். அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கும் இதே பேச்சுதான். 2022-23-ல் 99 புள்ளி. ஜோ தார்ன்டன் முதல் சீசனில் 55 ஆட்டத்தில் 7 புள்ளி. கடைசியில் 1,500-க்கு மேல்.

இன்னொன்று. அனுப்பி வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே டிராஃப்டின் ஷேன் ரைட்டைப் பாருங்கள். 2022-23-ல் சியாட்டிலுக்கு 8 ஆட்டம், நடுவில் தற்காலிக அனுமதியில் ஏஎச்எல்லில் கோச்செல்லா வேலிக்குச் சில ஆட்டம், அப்புறம் உலக ஜூனியரில் கனடா கேப்டன், அப்புறம் ஓஎச்எல்லில் (ஒன்டாரியோவின் ஜூனியர் லீக்) வின்ட்ஸர். ஒரே சீசனில் நாலு ஜெர்சி, நாலு பயிற்சியாளர். அந்த வருடம் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு ஒரே ஊர், ஒரே லாக்கர். தினமும் பயிற்சியில் எதிரே நின்றவர் தலைமைப் பயிற்சியாளர் மார்டின் செயின்ட் லூயி. டிராஃப்டில் யாருமே எடுக்காமல் போய், பிறகு ஹால் ஆஃப் ஃபேம் வரை போன மனிதர். இருபது நிமிட ஆட்ட நேரத்தைவிட அது பெரிய பாடம் என்று நான் நினைக்கிறேன்.

வடக்குவாசல்:
நான் பொதுவாக இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன். ‘ஜூனியருக்குத் திருப்பி அனுப்பு’ என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வீடு பில்லட் வீடு. ஜூனியர் அணிப் பையன்களுக்கு அறை கொடுத்து, சாப்பாடு போட்டு, சீசன் முழுக்க நம் பிள்ளை போலப் பார்த்துக்கொள்வோம்.

ஒரு பையன் இரண்டு சீசன் எங்களோடு இருந்தான். டிராஃப்ட் ஆனவன். செப்டம்பரில் என்எச்எல் கேம்புக்குப் போனான், பயிற்சி ஆட்டங்கள் ஆடினான், கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. திரும்பி வந்த அன்றைக்குப் பையைக்கூடப் பிரிக்காமல் வாசலிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனான். மூன்று நாள் அந்தப் பை அங்கேயே கிடந்தது, ஈர நாற்றத்தோடு. நானும் அதைத் தொடவில்லை.

அந்த வருடம் அவன் புள்ளிகளைக் குவித்தான். ஆனால் ஆட்டம் வளரவில்லை. அவனைவிட இரண்டு வயது சின்னப் பையன்கள் நடுவில் பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) எடுத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டிவிடுவான். கேம்பில் அதே வேலையைச் செய்தபோது முதல் ஆளிடமே பக்கைப் பறிகொடுத்தேன் என்று அவனே சொன்னான். வெளியூர் ஆட்டம் முடிந்து பஸ் இரவு இரண்டு மணிக்கு வந்து சேரும். முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, சமையலறையில் நின்றபடியே சீரியல் சாப்பிடுவான். “இங்கே நான் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, ஆன்ட்டி” என்று ஒருநாள் சொன்னான். தலைக்கனத்தில் சொன்னதில்லை. பயத்தில் சொன்னான்.

அதனால் லவால் போல, ஜூனியருக்கும் என்எச்எல்லுக்கும் நடுவில் நீலக்கோடு கேட்கும் அந்த ‘நடு இடம்’ எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அந்த இடமே கிடைக்கவில்லை.

மூன்றாம்வரிசை:
அக்கா, இதைப் படித்தபின் ஒரு நிமிடம் கை ஓடவில்லை. ஜூனியருக்கு அனுப்புவதை நானும் ஆதரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேட்கயிறு:
இந்தப் பேச்சே சீக்கிரம் பழசாகிவிடும். முன்பெல்லாம் கனடிய ஜூனியரில் ஒரு ஆட்டம் ஆடினாலே அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடிவிடும், தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை குத்துவார்கள். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இளம் ஆட்டக்காரர் கேவின் மெக்கென்னா மெடிசின் ஹாட் ஜூனியர் அணியை விட்டுவிட்டு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஓஎச்எல் சீசன் 68 ஆட்டம். கல்லூரியில் பெரும்பாலும் வெள்ளி, சனி மட்டும்தான் ஆட்டம், மற்ற நாளெல்லாம் பயிற்சியும் ஜிம்மும். எதிரே நிற்பவன் 22, 23 வயதுக்காரன். 18 வயது உடம்புக்கு இதைவிட நல்ல நடு இடம் இல்லை.

நீலக்கோடு:
மூன்றாம்வரிசை, ரைட் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படி அலைக்கழித்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனாலும் லவால் அப்படி இல்லையே. அதே பயிற்சி முறை, அதே நிர்வாகம், அரை மணி நேரத் தூரம்.

12 நிமிடம் ஆடும் பையன் என்ன செய்வான் என்று அந்த முதல் சீசனின் ஒரு ஷிஃப்டை (ஒருமுறை பனித்தரையில் இறங்கி ஏறும் வரை) போட்டுப் பாருங்கள். நாற்பது, நாற்பத்தைந்து விநாடி. பக் கிடைத்ததும் பலகையோரமாகத் தள்ளிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவான். தப்பு நடந்தால் அடுத்த ஷிஃப்ட் போய்விடும் என்ற கணக்கு தலைக்குள் ஓடும். ஆறடி மூன்று அங்குல உடம்பை வைத்து பக்கை மறைத்து நின்று ஆடுவதுதான் அவருடைய பலம். அதை முயன்று, தோற்று, மறுபடி முயல்வதற்கு நேரம் வேண்டும். அது கிடைத்தது இரண்டாவது வருடம், சுஸுகியோடு சேர்த்துவிட்ட பிறகு. நீங்கள் காட்டும் 50 புள்ளி அந்த நேரத்துக்குக் கிடைத்த பலன், முதல் வருடத்து 12 நிமிடத்துக்கு இல்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. 18 வயதில் 10 ஆட்டம் ஆடிவிட்டால் மூன்று வருட ஆரம்ப ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கழிந்துவிடும். 9-லேயே நிறுத்தினால் ஒப்பந்தம் அப்படியே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். மாண்ட்ரியால் அந்த ஒரு வருடத்தை 10 புள்ளிக்காகச் செலவழித்தது.

மூன்றாம்வரிசை:
அந்தப் பத்தாவது ஆட்டத்தைத்தான் நான் அவர்களுக்குப் பெருமையாகச் சொல்வேன். பணத்தைப் பார்த்திருந்தால் 9-ல் நிறுத்தியிருப்பார்கள். பையனை வைத்துக்கொண்டார்கள்.

12 நிமிட விஷயத்தில் உங்களை முழுசாக மறுக்க முடியவில்லை. அக்டோபர், நவம்பரில் லவாலில் ஒரு இருபது ஆட்டம் ஆடவைத்துவிட்டுக் கூப்பிட்டிருந்தால் நானும் எதிர்த்திருக்க மாட்டேன். ஒரு முழு வருடம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கா, அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்?

வடக்குவாசல்:
ஐரோப்பாவில் ஆடுகிறான். இரண்டாம் நிலை லீக். என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. போன மாதம் பேசியபோது முழங்காலைப் பற்றிக் கேட்டேன், பரவாயில்லை என்றான். பயிற்சி முடிந்ததும் பையைப் பிரித்துக் காயப்போடுகிறாயா என்றும் கேட்டேன். சிரித்தான்.