மழைநீர் வடிகால் டெண்டரில் ஈட்டுறுதிப் பிரிவு: காப்பீடு எடுத்தால் போதுமா?

தண்டையார்பேட்டைவாசி:
வடசென்னையில் மழைநீர் வடிகால் கட்டும் அரசுப் பணிக்கு முதன்முறையாக டெண்டர் போட இருக்கிறோம். பணியிடத்தில் யாருக்கு எந்த இழப்பு நேர்ந்தாலும், காரணம் எதுவாயினும், துறைக்கு ஏற்படும் செலவு முழுவதையும் ஒப்பந்ததாரரே ஈடுசெய்ய வேண்டும் என்று வரைவு ஒப்பந்தத்தில் இருக்கிறது. கொருக்குப்பேட்டையின் பழைய தெருக்களில் மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் எந்த ஆழத்தில் கிடக்கின்றன என்பதை வரைபடத்தை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது. காப்பீடு எடுத்துவிட்டால் கவலை இல்லை என்கிறார் ஏஜென்ட். அது சரிதானா?

பாரிமுனை வழக்கறிஞர்:
சரியல்ல. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்படி, உறுதி கொடுப்பவரின் செயலால் மட்டுமன்றி வேறு எவருடைய செயலாலும் வரும் இழப்புக்கும் ஈட்டுறுதி (இண்டெம்னிட்டி, அதாவது மற்றவருக்கு வரும் இழப்பை ஈடுசெய்வதாகக் கொடுக்கும் வாக்குறுதி) தரலாம். ஆகவே "காரணம் எதுவாயினும்" என்ற சொற்களை நீதிமன்றம் எளிதில் ஒதுக்கிவிடும் என்று எண்ண வேண்டாம். தாமதத்துக்கான இழப்பீட்டுக்கு 74ஆவது பிரிவின் கீழ் ஒப்பந்தத்தில் குறித்த தொகையே உச்சவரம்பு. ஈட்டுறுதிக்கோ, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலொழிய, அப்படி ஒரு வரம்பு கிடையாது. துறையின் அலட்சியத்தால் வரும் இழப்பை விலக்கவும், மொத்தப் பொறுப்பை ஒப்பந்தத் தொகைக்குள் நிறுத்தவும், மூன்றாம் நபர் வழக்குத் தொடுத்தால் உடனே உங்களுக்கு அறிவிக்கவும் கோருங்கள். கடைசிக் கோரிக்கையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 125ஆவது பிரிவின்படி, உங்கள் அறிவுறுத்தலுக்கு முரணாகாமல் துறை விவேகத்துடன் செய்துகொள்ளும் சமரசத் தொகையும் உங்கள் தலையில்தான் விழும்.

மணலி சிவில்:
மேலே உள்ளவற்றைப் பிரீ-பிட் கூட்டத்துக்கு (டெண்டர் போடுமுன் துறை நடத்தும் விளக்கக் கூட்டம்) முன்பே எழுத்தில் கேளுங்கள். துறை ஏற்றால் எல்லா ஏலதாரர்களுக்கும் பொதுவாகத் திருத்தம் வெளியிடும். நீங்களே நிபந்தனை சேர்த்து டெண்டர் போட்டால் தள்ளுபடியாகிவிடக்கூடும். துறை மறுத்தால் அந்தச் சுமையை விலையில் ஏற்றுங்கள், இல்லையேல் விலகுங்கள். குறைந்த விலைக்குப் பணியை எடுத்துவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை, ஒப்பந்ததாரர்களுக்கான ஆல் ரிஸ்க் பாலிசியில் (கட்டுமானப் பணிக்கான காப்பீடு) மூன்றாம் நபர் பொறுப்பு தனிப் பகுதியாக இருக்கும், அதற்குத் தனித் தொகை வரம்பும் உண்டு. நிலத்தடிக் கேபிள், குழாய் குறித்து ஒரு நிபந்தனையும் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்கும்: தோண்டுமுன் உரிய துறைகளிடம் அவற்றின் சரியான இடத்தை விசாரித்திருந்தால்தான் இழப்பீடு. எனவே மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலை வைத்திருங்கள். உதவிப் பொறியாளர் நேரில் காட்டிய இடம் என்றால், அவர் முன்னிலையில் சோதனைக் குழி தோண்டிப் படமெடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். இது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

தண்டையார்பேட்டைவாசி:
மிக்க நன்றி. ஜே.சி.பி.யை ஓட்டுநருடன் வாடகைக்கு எடுக்கிறோம். அவர் கேபிளை அறுத்தால் யார் பொறுப்பு?

பாரிமுனை வழக்கறிஞர்:
துறையைப் பொறுத்தவரை நீங்கள்தான். வண்டி உரிமையாளரிடம் அதே சொற்களில் ஈட்டுறுதி எழுதி வாங்குங்கள், அவருடைய வாகனக் காப்பீட்டின் நகலையும் பாருங்கள். ஆனால் ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர் எழுதிக் கொடுக்கும் உறுதியிலிருந்து பெரிய தொகை எதுவும் வசூலாகாது என்பதால், உங்கள் பாலிசியில் துணை ஒப்பந்ததாரர்களையும் காப்பீடு பெறுவோராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.