தருமபுரி, கிருஷ்ணகிரி: வலதுசாரிப் பக்கம் நின்று கணிப்பு எழுத எந்த ஆண்டின் கணக்கை எடுப்பது?

மொரப்பூர்_வாசகன் | 8 ஏப்ரல் 2024

வலதுசாரிப் பார்வையில் இயங்கும் ஒரு யூடியூப் சேனலுக்கு இந்த மக்களவைத் தேர்தலில் இரண்டு தொகுதிக்கும் கணிப்பு தயாரிக்கிறேன். தருமபுரியில் 2019-ல் பாமகவின் அன்புமணி வாங்கியது 5,04,235. அதிமுக பிரிந்ததற்கு ஒரு பங்கைக் கழித்து, மோடி ஆதரவுக்குக் கொஞ்சம் கூட்டினால் இப்போதைய பாமக வேட்பாளர் சௌமியா அன்புமணிக்கு எண் வந்துவிடும் என்று நினைக்கிறேன். இது சரியா? களத்தில் எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? எதுவரை வெளியிடலாம்?

படிவம்_இருபது

சரியில்லை. 2019-ல் அதிமுக, பாமக, பாஜக, தேமுதிக எல்லாம் ஒரே அணி. அந்த ஐந்து லட்சத்தில் மாம்பழத்தின் (பாமக) சொந்த வாக்கு எது, இலையிலிருந்து (அதிமுக) வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. இப்போதுபோல மூன்று அணி மோதியது 2014-ல். பாமக 4,68,194, அதிமுக 3,91,048, திமுக 1,80,297. அந்த ஆண்டு தமிழகத்தின் 39-ல் 37 இலைக்குப் போக, தப்பியவை தருமபுரியும் கன்னியாகுமரியும்தான். நம் பக்கத்து விமர்சகர்கள் "தருமபுரி அலைக்கு அடங்காது" என்று பேசுவது இதை வைத்துத்தான்.

ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது. அன்று தேமுதிகவும் மதிமுகவும் பாமக இருந்த அணியில். இன்று ஒன்று இலையோடு, இன்னொன்று சூரியனோடு. காங்கிரஸும் கம்யூனிஸ்டுகளும் அன்று தனித்தனியாக நின்றார்கள், இன்று திமுக அணியில். போதாததற்கு மகளிர் உரிமைத் தொகை வேறு. அதற்கான விண்ணப்ப முகாமை முதல்வர் தொடங்கி வைத்ததே நம் தொப்பூரில்தான் (ஜூலை 2023). ஆயிரம் ரூபாய்க்கு வாக்கு மாறுமா என்று கேலி பேசும் வீடியோக்களை நம்பி எழுதாதீர்கள்.

2021-ல் மேட்டூர் உட்பட ஆறு பேரவைத் தொகுதியும் அதிமுக - பாமக அணிக்கே வந்தது உண்மை. அதை மக்களவைக்கு அப்படியே தூக்கிப் போடக்கூடாது. 2019 ஏப்ரல் 18 அன்று பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இடைத்தேர்தலும் சேர்ந்தே நடந்தது. அதில் இரண்டையும் இலை பிடித்தது. அதே நாள் பதிவான மக்களவை வாக்கில் அதே அணி 70,753-ல் தோற்றது.

அந்த இரண்டு தொகுதிக்கும் படிவம் 20-ஐ (சாவடி வாரியான வாக்கு எண்ணிக்கைப் பட்டியல்) எடுத்து, பேரவை வாக்கையும் மக்களவை வாக்கையும் வாக்குச்சாவடி வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவடி எண்ணை வைத்து ஆண்டுகளை ஒப்பிடக்கூடாது. சாவடிகளைப் பிரிக்கும்போது எண் நகர்ந்துவிடும். ஊர்ப் பெயரையும் பள்ளிக் கட்டடத்தையும் வைத்துப் பொருத்துங்கள். தபால் வாக்கு தனியே காட்டப்பட்டிருக்கும், அதை எந்த ஊரிலும் சேர்க்காதீர்கள். மாவட்டக் கணக்கை மட்டும் எடுத்து, சேலம் மாவட்டத்து மேட்டூரை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு.

தோராயமாகப் போட்டுப் பாருங்கள். வாக்காளர் சுமார் 15 லட்சம், 80 சதவீதம் பதிவானால் 12 லட்சம். நாம் தமிழர், சுயேச்சைகள், நோட்டா சேர்ந்து ஒரு லட்சம். மீதி 11-ல் இலை 3 லட்சத்தைப் பிடித்து வைத்தால், மற்ற இருவருக்கும் 8. நாலு லட்சத்தைத் தாண்டியவர் ஜெயிப்பார். இலை அதற்குக் கீழே இறங்கினால், இறங்கிய வாக்கு மாம்பழத்துக்கா சூரியனுக்கா? கணிப்பு என்று இருந்தால் அது ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். என் கணிப்பு: யார் ஜெயித்தாலும் வித்தியாசம் 2019-ஐவிடக் குறைவு.

களப்பணி_அரூர்

படிவம் அண்ணன் சொன்ன கேள்விக்கு டீக்கடையில் பதில் கிடைக்காது. ஆறு தொகுதி, தொகுதிக்கு 10 சாவடி, சாவடிக்கு 20 பேர், ஆக 1,200. மொத்தச் சாவடியை 10-ஆல் வகுத்து, வருகிற இடைவெளியில் எண்ணி எடுங்கள். சாவடிக்குள் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் எடுங்கள், எதிரே வருபவரைப் பிடிக்காதீர்கள். 1,200 பேருக்குப் பிழை 3 சதவீதம் என்பது காகிதத்தில்தான். ஒரே ஊரில் 20 பேர் ஒரே மாதிரிப் பேசுவார்கள், அதனால் 4 என்று வையுங்கள். இருவருக்கு இடையிலான வித்தியாசத்தில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

காலை பத்து மணிக்குப் போனால் பெரியவர்கள் மட்டுமே இருப்பார்கள். பெண்கள் நூறு நாள் வேலையில், இளவட்டம் பெங்களூரிலும் திருப்பூரிலும். மாலை ஆறுக்கு மேல் போங்கள், வெளியூரில் இருப்பவரை வீட்டில் எண் வாங்கிப் போனில் கேளுங்கள். தேர்தலன்று பஸ் ஏறி வருகிறவர்கள் அவர்கள். வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள், சின்னம் அச்சிட்ட சீட்டும் மூடிய டப்பாவும் கொடுங்கள். தருமபுரிச் சீட்டில் தாமரை கிடையாது, மாம்பழம்தான். "மோடிக்குத்தான்" என்பவர் மாம்பழத்தில் குத்துகிறாரா என்று எண்ணுங்கள். அங்கேதான் நம் ஆட்களின் கணிப்பு வழுக்கும்.

ராயக்கோட்டை_ரோடு

கிருஷ்ணகிரியில் தாமரையே நிற்பதால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் கேள்வித்தாள் தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டும், குறிப்பாக ஓசூர், தளிக்கு. 2019-ல் கே.பி.முனுசாமி இங்கே 1,56,765 வாக்கில் தோற்றார், இரண்டே ஆண்டில் வேப்பனஹள்ளியில் ஜெயித்தார். அதே 2021-ல் கிருஷ்ணகிரி பேரவையை முடிவு செய்தது வெறும் 794 வாக்கு. இப்படிப்பட்ட இடத்தில் "உறுதி" என்று தலைப்பு வைக்காதீர்கள். பாஜக அணி "400 தாண்டும்" என்ற டெல்லிக் கோஷத்துக்கும் இந்தத் தொகுதிக்கும் சம்பந்தமில்லை.

சட்டம்_மட்டும்

ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குள் வீடியோ போய்விட வேண்டும். அதற்குப் பிறகு வாக்குப்பதிவு முடியும்வரை 48 மணி நேரம் கருத்துக்கணிப்பு கூடாது. வாக்களித்து வந்தவரிடம் கேட்டது என்றால் ஏப்ரல் 19 காலை 7 முதல் ஜூன் 1 மாலை 6.30 வரை தடை. மற்ற மாநிலங்களில் கட்டம் கட்டமாக நடப்பதால்தான் இவ்வளவு நீளம். மீறினால் பிரிவு 126ஏ, இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

மொரப்பூர்_வாசகன்

நன்றி. 2019-ஐத் தூக்கிவிட்டேன். அரூர் படிவம் 20-லிருந்து தொடங்குகிறேன்.