சிறார் வழக்குக்குத் தாலுகா வக்கீல்களை எப்படித் தயார் செய்வது?

மணிமுத்தாறு (விருத்தாசலம்):
விருத்தாசலம் கோர்ட்டில் கிரிமினல் பார்க்கிறேன், இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழு பேனலிலும் இருக்கிறேன். இங்கேயும் திட்டக்குடியிலும் உள்ள ஜூனியர்கள் ஜாமீன், குறுக்கு விசாரணை எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் 18 வயது ஆகாதவர்கள்மேல் உள்ள வழக்குகளைப் பார்க்கும் கடலூர் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு பையனுக்காக ஆஜராகச் சொன்னால் தயங்குகிறார்கள். போகிறவர்களும் "ஒத்துக்கோ தம்பி, அட்வைஸ் பண்ணி அனுப்பிடுவாங்க" என்று அன்றைக்கே முடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க அவர்களை உட்கார வைக்க முடியும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 112 பிரிவுகளையும் வாசித்துக் காட்டினால் மதியத்துக்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். எதில் ஆரம்பிக்கலாம்?

கெடிலக்கரை (கடலூர்):
பையனோடு பேசுவதில் ஆரம்பியுங்கள் மேடம். காலைப் பொழுது முழுக்க அதற்கே கொடுங்கள்.

நம் கட்சிக்காரர் அந்தப் பையன்தான், அவன் அப்பா இல்லை. குழும வாசலில் அப்பா நம் கையைப் பிடித்துக்கொண்டு "எப்படியாவது இன்னிக்கே முடிச்சிடுங்க சார், கூலி போவுது" என்பார். அவர் கஷ்டம் உண்மைதான். ஆனாலும் அவரையும் போலீஸ்காரரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பையனைத் தனியாக உட்கார வைத்து, பெயரிலிருந்து கேட்க வேண்டும். ஸ்டேஷனில் எத்தனை மணி நேரம் இருந்தான், யாராவது அடித்தார்களா, லாக்கப்பில் வைத்தார்களா, சாப்பிட்டானா. லாக்கப்பில் வைக்கவே கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் அவன் தானாகச் சொல்ல மாட்டான். ஒருவர் பையனாக, ஒருவர் அப்பாவாக, ஒருவர் வக்கீலாக உட்கார்ந்து நடித்துப் பார்க்கட்டும். முதலில் கூச்சப்படுவார்கள், சரியாகிவிடும்.

அப்புறம் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து வண்டியில் பாட்டில் கொண்டுவரும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையன் மாட்டுகிறான். வண்டி யாருடையது? காசு கொடுத்து அனுப்பியது யார்? சிறுவரை வைத்து மது கடத்தினால், கடத்த வைத்தவருக்கு 78-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். இதைத் தெரிந்த வக்கீல் "ஒத்துக்கோ" என்று சொல்வாரா? அந்த ஆளை ஏன் வழக்கில் சேர்க்கவில்லை என்றுதான் கேட்பார்.

ஜாமீன் மனுவையும் மாற்றச் சொல்லுங்கள். "மனுதாரர் நிரபராதி, பொய் வழக்கு" என்ற பழைய மாதிரி இங்கே உதவாது. ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் 12-ஆவது பிரிவின்படி விடுவதுதான் விதி, ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்க முடியும். அதனால் யார் வீட்டில் இருப்பான், எந்தப் பள்ளிக்குப் போவான், யார் பார்த்துக்கொள்வார் என்பதை எழுத வேண்டும்.

ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர்:
கெடிலக்கரை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பையனின் வீடு, பள்ளி நிலைமையை விசாரித்து நாங்கள் குழுமத்துக்குக் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கையைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். அதை இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஒரு அலுவலர் தலையில் ஏகப்பட்ட கிராமங்கள் இருக்கும். வக்கீல்கள் என்னிடம் வந்து பேசியதே அபூர்வம். பண்ருட்டிப் பக்கம் ஒரு பையன். போலீஸ் தந்த சமூகப் பின்னணி அறிக்கையில் "தீய நண்பர்கள் சேர்க்கை" என்று ஒரே வரி. வீட்டுக்குப் போனால் அப்பா அம்மா இருவரும் திருப்பூரில், பாட்டியோடு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறான், கைவிரலெல்லாம் முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டு வெந்து கிடக்கிறது. பள்ளியை விட்டு நின்றதும் அதனால்தான். இதை ஒரு வக்கீல் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வந்திருந்தால் குழுமத்தில் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். தயவுசெய்து பயிற்சிக்கு ஒரு நன்னடத்தை அலுவலரையும் கூப்பிடுங்கள் அம்மா.

மணிமுத்தாறு:
கட்டாயம் கூப்பிடுகிறேன் ஐயா, அந்த முந்திரி விஷயத்தை அங்கேயும் சொல்ல வேண்டும். வயது பற்றி ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பல பேருக்கு. டி.சி. போதுமா?

கெடிலக்கரை:
டி.சி.யை மட்டும் நம்பாதீர்கள். 94-ஆவது பிரிவில் முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் ஊராட்சி, நகராட்சி பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் இந்தப் பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று 2023-இல் யுவபிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டு வழக்குதான். 18-ஐ ஒட்டிய பையன் என்றால் இந்த ஒரு காகிதத்தில்தான் சிறையா குழுமமா என்பதே இருக்கிறது.

16 வயது தாண்டிய பையன்மேல் கொடுங்குற்றம் சுமத்தியிருந்தால் அதைத் தனி நாளில் வையுங்கள். அங்கே அவனைப் பெரியவர்போல் விசாரிக்கலாமா என்ற 15-ஆவது பிரிவு மதிப்பீடு வரும். அவன் குற்றம் செய்தானா என்பது அதில் கேள்வி இல்லை, மனநல வல்லுநர் உதவியைக் கேட்டு வாங்க வேண்டும். குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ என்று சட்டத்தில் இல்லாத குற்றம் அந்த வகையில் வராது, 2020 ஷில்பா மிட்டல் தீர்ப்பு. இந்த ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதைக் கவனிக்காமல் விட்டால் பையனைப் பெரியவர்போல் விசாரிக்கும் நிலை வந்துவிடும்.

மணிமுத்தாறு:
சரி சார். அப்படியானால் காலையில் பையனோடு பேசுவது, மதியம் ஜாமீன் மனுவும் வயதுச் சான்றும். திட்டக்குடி ஜூனியர்களுக்கு இன்றே போன் போடுகிறேன். செக்போஸ்ட் வழக்கை நடித்துக் காட்ட நீங்களே வர முடியுமா?

கெடிலக்கரை:
வருகிறேன். அப்பா வேஷம் எனக்கு.