ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ரவுட்டர் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

"அண்ணா, எந்த ரவுட்டர் வாங்கலாம்?" இந்த மாதம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் இருப்பது ஸ்டுட்கார்ட். ஒன்பது வருடத்தில் மூன்று வீடு மாறியாயிற்று. ஊரில் ஃபைபர் கம்பெனி ஆளே வந்து பெட்டியை மாட்டி, பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். இங்கே எந்தப் பெட்டி என்பதே நம் பொறுப்பு. கடைக்குப் போகுமுன் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சின்ன பிளேட்டில் மூன்று துளை, அதன் மேல் என் (N), எஃப் (F), என் (N) என்று எழுத்து இருந்தால் அது டெலிபோன் சாக்கெட். டிஏஇ என்பார்கள், டிஎஸ்எல் எனும் டெலிபோன் லைன் இன்டர்நெட் அதில்தான் வரும். ரவுட்டர் ஒயர் எஃப் துளையில் மட்டும் போகும். 'N' துளையில் நுழையாது, அழுத்தி உடைக்காதீர்கள். அறைக்கு அறை டிஏஇ இருக்கும் வீடுகளும் உண்டு. லைன் உயிரோடு இருப்பது பெரும்பாலும் முதல் சாக்கெட்டில்தான். டிவி ஆன்டெனா மாதிரி வட்டத் துளைகளும், கூடவே திருகு மரையோடு ஒரு துளையும் இருந்தால் கேபிள் இன்டர்நெட். பச்சை முனை வைத்த மெல்லிய ஒயர் செருகிய சின்னப் பெட்டி என்றால் கிளாஸ்ஃபாசர், நம் ஃபைபர்.

இது தெரிந்துவிட்டால் பெட்டி தேர்வு பாதி முடிந்தது. இங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்தான். பெர்லின் கம்பெனி, முதல் பெட்டி 2004இல் வந்தது. மாடல் எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 7இல் தொடங்கினால் டிஎஸ்எல் (7530, 7590), 6 என்றால் கேபிள் (6660, 6690), 5 என்றால் ஃபைபர் (5590). 4இல் தொடங்கும் பெட்டிக்குள் மோடமே (சுவரிலிருந்து வரும் லைனைப் படிக்கும் பகுதி) கிடையாது, தனி மோடத்துக்குப் பின்னால் மாட்டத்தான் அது. 68இல் தொடங்குபவை மட்டும் சிம் போடும் பெட்டிகள். தப்பான எண்ணை வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் உங்கள் சாக்கெட்டில் அது வேலை செய்யாது.

கிளைன்ஆன்சைகன் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் பெட்டி வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வேகம். 250 மெகாபிட் டிஎஸ்எல்லுக்கு, அந்த வேகத்தைத் தரும் சூப்பர்வெக்டரிங் என்ற நுட்பம் தெரிந்த பெட்டி வேண்டும். 7490 நல்ல பெட்டிதான், ஆனால் 2013 காலத்தது, 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். இதைப் படிக்காமல் வாங்கிவிட்டு, இரண்டு வாரம் கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த ஆள் நான். இரண்டு, கேபிள் பெட்டி என்றால் அது வாடகைப் பெட்டியா என்று கேளுங்கள். கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டிய பெட்டியைச் சிலர் விற்றுவிடுகிறார்கள். உங்கள் பெயரில் அது ஆக்டிவேட் ஆகாது.

"கம்பெனி தரும் பெட்டியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரவுட்டர் என்பது உங்கள் இஷ்டம்; லாகின் விவரங்களை அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். மாத வாடகையை ஒப்பந்த மாதமான 24ஆல் பெருக்கி, கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு வருடத்தில் ஊர் திரும்பப்போகிறவருக்கு வாடகையே மேல்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக: அதிகபட்சம் 24 மாதம், அதற்குப் பிறகு ஒரு மாத நோட்டீஸில் விலகலாம். 12 மாத ஒப்பந்தமும் அவர்கள் தந்தாக வேண்டும், ஆனால் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். வாசலில் வந்து "உங்கள் கேபிளை நிறுத்தப்போகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். 2024 ஜூலை 1இலிருந்து கேபிள் டிவி கட்டணத்தை வீட்டு வாடகைச் செலவில் சேர்க்க முடியாது. அதைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் விற்கிறார்கள். அப்படியே போட்டுவிட்டாலும் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

அடுத்தது டெக்னீஷியன். இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர். ஒப்பந்தமும் அப்பா பெயரில் வந்துவிட்டது. நானோ காலிங் பெல்லில் என் பெயரை ஒட்டியிருந்தேன். காலை 8 முதல் 12 வரை ஜன்னலோரம் காத்திருந்தேன். 11 மணிக்கு வேன் வந்தது, ஆள் இறங்கி பெல் பலகையை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார், திரும்ப வேனில் ஏறினார். நான் நான்கு மாடி இறங்கி ஓடுவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார். "வாடிக்கையாளர் இல்லை" என்று மெசேஜ். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. பெல்லிலும் தபால் பெட்டியிலும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரை அப்படியே ஒட்டுங்கள். லைன் கீழே கெல்லரில் (நிலவறை) இருக்கும், அதன் சாவி யாரிடம் என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரிடம் முன்னாடியே கேட்டு வையுங்கள். அவர்கள் தரப்பில் வராமல் போனால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அது உங்களுக்கு வர வேண்டும். எழுதிக் கேளுங்கள். லைன் வரும்வரை ப்ரீபெய்ட் சிம்மும் ஹாட்ஸ்பாட்டும்தான் கதி.

பெட்டியை வைக்கும் இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். புது வீடுகளில் ஃபியூஸ் போர்டு பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்து, ரவுட்டரை அதற்குள் மாட்டிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பார்க்க அழகு, சிக்னல் வெளியே வராது. என் இரண்டாவது வீட்டில் சமையலறையில் நின்று அம்மாவோடு வீடியோ காலில் பேசினால் "என்னடா, மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுது" என்பார். நடுவில் இருந்தது குளியலறை: டைல்ஸ், தண்ணீர்க் குழாய், ஆளுயரக் கண்ணாடி. ரவுட்டரை மாற்றவில்லை. பத்து மீட்டர் லேன் கேபிளைச் சுவரடிக் கட்டையை ஒட்டி இழுத்து, பெட்டியை ஹால் அலமாரி மேல் ஏற்றினேன். சரியாகிவிட்டது.

இதை அளந்து பார்க்க ஃபிரிட்ஸ் ஆப் டபிள்யூலான் (FRITZ!App WLAN) என்ற இலவச ஆப் உண்டு. போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். அது காட்டும் சிக்னல் எண் மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் ஓடும், மைனஸ் 80 தொட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வைஃபையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் இந்த ஊர் கான்கிரீட் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். மேல் தளத்துக்கும் அனுப்ப வேண்டியவர்கள் இன்னும் கவனம்: தரைச் சூட்டுக்குழாய்க்கு அடியில் அலுமினியத் தாள் இருந்தால் அதுவும் மறிக்கும்.

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) வாங்கினால் சிக்னல் செத்த அறையில் மாட்டாதீர்கள். பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். இல்லாத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? முடிந்தால் ரிப்பீட்டரையும் லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்கத் தயக்கமாக இருந்தால் கரண்ட் ஒயர் வழியே போகும் பவர்லைன் இருக்கிறது. அதை நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். சில வீடுகளில் நன்றாக ஓடும், சில வீடுகளில் படுத்துவிடும். திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள்.

வேகம் குறைவு என்று புகார் செய்யுமுன் லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டிப் பாருங்கள். கேபிளில் சரியாக வந்தால் குற்றம் உங்கள் வைஃபையில். கேபிளிலும் வராவிட்டால் பூண்டஸ்நெட்ஸ்ஆகன்டூர் (தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) தரும் அளவீட்டு மென்பொருளை இறக்கி, மூன்று நாள், நாளுக்குப் பத்து என முப்பது முறை அளக்க வேண்டும். அந்த அறிக்கையை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், விலகவும் செய்யலாம்.

ஊரிலிருந்து ரவுட்டர் கொண்டுவரலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம். ஃபைபர் கம்பெனி தந்த பெட்டி என்றால் அது அந்தக் கம்பெனிக்கே உரியது, இங்கே பயன்படாது. மூன்று முள் பிளக்கும் இங்கே நுழையாது. சூட்கேஸில் அந்த இடத்தை மிக்சிக்கு விடுங்கள்.

கடைசியாக, டொரண்ட். ஊர்ப் பழக்கத்தில் படம் இறக்கிவிடாதீர்கள். இறக்கும்போதே அது பிறருக்கு ஏற்றவும் செய்கிறது, அங்கேதான் பிடிக்கிறார்கள். வக்கீல் கடிதம் வரும், ஆப்மானுங் என்று பெயர், சில நூறு யூரோ கேட்பார்கள். அறை நண்பர் இறக்கினாலும் கடிதம் லைன் யார் பெயரிலோ அவருக்குத்தான். வந்துவிட்டால் கூடவே இருக்கும் உறுதிமொழித் தாளில் உடனே கையெழுத்துப் போடாமல், குறிப்பிட்ட தேதிக்கு முன் ஃபெர்பிராவுகர்சென்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை மையத்திலோ வக்கீலிடமோ காட்டுங்கள். விருந்தாளிகளுக்குத் தனியாக கெஸ்ட் வைஃபை திறந்து கியூஆர் கோடு ஒட்டிவிடுங்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் இருபது இலக்க பாஸ்வேர்டைக் குனிந்து வாசித்துச் சொல்லும் வேலையும் மிச்சம்.

இன்னும் குழப்பமாக இருந்தால் சாக்கெட் போட்டோவும் வீட்டு வரைபடமும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். போட்டோவில் பெட்டியின் அடிப்பக்கம் மட்டும் தெரிய வேண்டாம், பாஸ்வேர்ட் அங்கேதான் இருக்கிறது.