54 மி.மீ. வளரி வீரன்: தோள்பட்டைப் பூச்சு ஓடு ஓடாகப் பெயருது, காரணம் என்ன?

புதுவயல்_பொம்மை:
எல்லாருக்கும் வணக்கம். புதுவயல்ல ஒரு அரிசி ஆலையில கணக்கு எழுதுறேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் மேசை விளக்கைப் போட்டுக்கிட்டு சின்னச் சின்னப் போர்வீரர் உருவம் செய்யறதுதான் பொழுதுபோக்கு. இப்ப 1801-ல மருதுபாண்டியர் பக்கம் நின்ன ஒரு வீரன், வளரி (வளைஞ்ச எறி ஆயுதம்) எறியப் போற நிலையில. 54 மி.மீ. உயரம். உள்ளுக்குச் செம்புக் கம்பி, மேல எம்சீல் (ரெண்டு பாகத்தைக் கலந்து பிசைஞ்சா இறுகுற எபாக்ஸி புட்டி).

முதல் பூச்சுல உடம்பு வடிவம் வந்துச்சு. ஒரு நாள் காயவிட்டு ரெண்டாவது பூச்சுல தோள், முதுகுச் சதையெல்லாம் ஏத்தினேன். நல்லாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் வேட்டி மடிப்புக்காக உருவத்தைக் கையில பிடிச்சேன், தோள்ல இருந்து ஒரு சில்லு முட்டை ஓடு மாதிரி கழண்டு மடியில விழுந்துச்சு. நகத்தால நெம்பினா முதுகும் வருது. அடியில முதல் பூச்சு பளபளன்னு அப்படியே இருக்கு. காலும் முகமும் மட்டும் கெட்டியா நிக்குது. ஏறக்குறைய மூணு வார வேலை. படம் போட்டிருக்கேன், காப்பாத்த வழி இருக்கா?

தேவகோட்டை_தூரிகை:
கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருப்பார் தம்பி. வேற பாக்கெட் வாங்குங்க. பெயர்ந்த சில்லை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிடுங்க, பெயின்ட் அடிச்சா தெரியாது.

மதுரை_எபாக்ஸி:
அவசரப்படாதீங்க. பழைய சரக்குன்னாலோ, ரெண்டு பாகமும் சம அளவுல கலக்கலைன்னாலோ புட்டி பிசுபிசுன்னு இறுகாமலே கிடக்கும். இவருக்குச் சில்லு கெட்டியாத்தான் இறுகியிருக்கு, பிடிப்புதான் இல்லை. புதுவயல், மூணு கேள்வி. வழவழப்பா தேய்க்க எதைத் தொட்டீங்க? ரெண்டாவது பூச்சுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டீங்களா? முகத்தை எத்தனை பூச்சுல முடிச்சீங்க?

புதுவயல்_பொம்மை:
தேங்காய் எண்ணெய்ண்ணே. விரல்ல ஒட்டக்கூடாதுன்னு அப்பத்தா பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு. உப்புத்தாள் போடலை. முகம் ஒரே மூச்சுல ஊசியாலயே செஞ்சது, எண்ணெய் தொடலை. கால்ல தேய்க்கவே இல்லை, அதுமேல வேட்டி வரும்னு கரடுமுரடா விட்டுட்டேன்.

மதுரை_எபாக்ஸி:
பதில் நீங்களே சொல்லிட்டீங்க. எண்ணெய் பட்ட இடம் மட்டும் பெயருது, படாத இடம் நிக்குது. காஞ்ச முதல் பூச்சு மேல எண்ணெய் படலம் இருந்தா ரெண்டாவது பூச்சு அந்தப் படலத்துலதான் உட்காருமே தவிர அடிப்பூச்சைப் பிடிக்காது. நீங்க பார்த்த பளபளப்பு அதுதான்.

உருவத்தைத் தூக்கிப் போட வேண்டாம். நகத்துக்கு வர்றதையெல்லாம் எடுத்துடுங்க, வராததை வம்பு பண்ணாதீங்க. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில பழைய பல் துலக்கியால நல்லா தேய்ச்சுக் கழுவி, ஒரு ராத்திரி காயவிடுங்க. அப்புறம் 220 நம்பர் உப்புத்தாள், அது நுழையாத அக்குளுக்குக் குண்டூசியால குறுக்கும் நெடுக்குமா கீறல். புதுசா பிசைஞ்ச புட்டியில மிளகு அளவு எடுத்து முதல்ல அந்தக் கீறலுக்குள்ள அழுத்தித் தேய்ச்சுடுங்க. அது மேலதான் சதை. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம், பிசையும்போது கையுறை. எபாக்ஸி சிலருக்குக் கையில அரிப்பு கொண்டுவரும், எனக்கு வந்திருக்கு.

வழவழப்புக்கு ஊசி முனையில லேசா தண்ணி போதும், அதுவும் கடைசிப் பூச்சுல மட்டும். இந்த மே மாச வெயில்ல புட்டி சீக்கிரம் இறுகும். சுண்டைக்காய் அளவுக்கு மேல பிசையாதீங்க.

கானாடுகாத்தான்_கரணை:
எங்க அப்பா சுதை வேலை. வீட்டு முகப்புல சாமி, சிப்பாய், யாளின்னு பழுது பார்க்கக் கூப்பிடுவாங்க. காஞ்ச சுண்ணாம்புப் பூச்சு மேல அடுத்த பூச்சு போடணும்னா கொத்திவிட்டு, தண்ணி தெளிச்சுத்தான் ஆரம்பிப்பார். "கொத்தாத சுவத்துல பூசினது கோடை தாங்காது"ன்னு சொல்லி என் தலையிலயே ஒரு குட்டு வச்சிருக்கார். நீங்க கொத்துறதை மட்டும் எடுத்துக்குங்க தம்பி, தண்ணி தெளிக்கிறதை எடுத்துக்காதீங்க. சுண்ணாம்புக்கு ஈரம் வேணும், எபாக்ஸிக்கு உலர்ந்த இடம் வேணும்.

இன்னொண்ணு, ரெண்டு பூச்சுக்கு நடுவுல முழு நாள் காத்திருக்கணும்னு கட்டாயம் இல்லை. முதல் பூச்சு அழுத்தினா குழியாத, ஆனா இன்னும் முழுசா இறுகாத பதத்துல அடுத்ததை வச்சா நல்லாப் பிடிக்கும்.

காளையார்கோவில்_கோட்டை:
பூச்சு விஷயம் பெரியவங்க சொல்லிட்டாங்க. என் கண்ணு கைக்குப் போச்சு. படத்துல வீரன் வளரியோட தடிச்ச முனையைப் பிடிச்சிருக்கான். தப்பு. மெலிஞ்ச முனையைப் பிடிச்சு, தோளுக்கு மேல சில சுத்து சுழட்டித்தான் விடுவாங்க. கனமான முனை வெளிய இருக்கணும். சின்ன மருது தனக்கு அதை எறியக் கத்துக்கொடுத்ததா ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற கும்பெனி அதிகாரி 1830-ல வெளிவந்த நினைவுக் குறிப்புல எழுதியிருக்கார். தேர்ந்த கைக்கு 100 கஜத்துக்குள்ள குறி தப்பாதாம். அதே ஆள்தான் பின்னால மருதுவை எதிர்த்து நின்ன படையிலயும் இருந்தார், அது வேற கதை.

வளரியைப் புட்டியில செய்யாதீங்க, ஒடியும். டின் தகட்டுல வெட்டுங்க. நிஜத்துல ஒன்றரை அடின்னு வச்சா, 54 மி.மீ. உருவத்துக்கான 1/32 அளவுல (நிஜத்துல 32-ல ஒரு பங்கு) 14 மி.மீ. வரும். உங்களோடது 20-க்குக் குறையாது போல, அரிவாள் மாதிரி தெரியுது.

தேவகோட்டை_தூரிகை:
ஃபெவிக்விக் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன் 🙂

புதுவயல்_பொம்மை:
நாலு நாள் கழிச்சு வர்றேன். நம்பாம இல்லை, இருந்தாலும் முதல்ல ரெண்டு உருண்டையில சோதிச்சேன். ரெண்டையும் ஒரு நாள் காயவிட்டேன். ஒண்ணுல எண்ணெய் தடவி மேல பூசினேன், இன்னொண்ணைக் கழுவிக் கீறிப் பூசினேன். மறுநாள் எண்ணெய் உருண்டை நகத்துக்கே கழண்டுச்சு. மத்ததைக் குறடு போட்டுப் பிடிச்சும் பூச்சு பிரியலை, உருண்டையே ரெண்டாப் பிளந்துச்சு.

தோளும் முதுகும் புதுசா ஏத்தியாச்சு. முன்ன இருந்ததை விட ஒல்லியா வந்திருக்கு, அதுவும் நல்லதுதான், முதல்ல பயில்வான் மாதிரி இருந்தான். கோட்டை அண்ணே, வலது மணிக்கட்டை அறுத்துட்டேன். பால் பவுடர் டின்ல 14 மி.மீ. வளரி வெட்டி வச்சிருக்கேன், மெலிஞ்ச முனையில புது விரல் நாளைக்கு. அப்பத்தா பாட்டில் திரும்ப அலமாரிக்குப் போயிடுச்சு.